பின் அச்சைத் தாண்டாத குழாய்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ரோந்து வண்டியில் இடப்பக்கச் சைலன்சர் தொங்குகிறது. உள்ளே வரும்போதே பார்த்தேன். பெரிய வேலை இல்லை, ஒரு கொக்கி போயிருக்கும். ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் குளிரில் ஜன்னலை ஏற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் நீங்கள்.

என் பெயர் வால்ட் பனாஸ். ஹாம்ட்ராமிக்கில் சைலன்சர் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் வண்டியின் அடிப்பக்கம் தெரியாமல் என் பதில் உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் ரோமன் வைத்திருந்த மாதிரி வண்டிகளில் எட்டு சிலிண்டர். நான்கு நான்காக இரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசையும் தன் பக்கமாகத்தான் புகையைத் துப்பும். நடுவில் கியர் பெட்டி இருக்கிறது, அதன் பின்னால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு ஓடுகிறது, அங்கே இடமில்லை. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் சீட்டுகளுக்கு அடியிலேயே பின்னோக்கிப் போகும். குறுக்கே ஒரு துண்டுக் குழாய் வைத்து இரண்டையும் இணைப்போம், இல்லாவிட்டால் சத்தம் நொண்டும். பின் அச்சு இருக்கிறதே, அது ஒரே இரும்புக் கட்டை. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மொத்தமும் எகிறும். குழாய் அதில் இடிபடாமல் அதன் மேலே வளைந்து ஏறி, மறுபடி இறங்கி, பம்பருக்கு வெளியே போய்த்தான் முடிய வேண்டும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. புகை வண்டிக்குக் கீழே தங்கக் கூடாது, அவ்வளவுதான்.

உட்வர்ட் அவென்யூவில் பந்தயம் விடுகிற பையன்களுக்கு அந்த வளைவு ஆகாது. வளைவில் புகை திணறுகிறது, வேகம் போகிறது என்பார்கள். அதில் உண்மையும் உண்டு. எனவே பின் அச்சுக்கு முன்னாலேயே குழாயை வெட்டிவிடுவார்கள். எடை குறையும், சத்தம் கடைக் கண்ணாடிகளை அதிர வைக்கும். கோடையில் ஜன்னலை இறக்கிக்கொண்டு சுற்றும்வரை ஒன்றும் ஆகாது. குளிர்காலம் வேறு. ஜன்னல் மூடியிருந்தால், கீழே தங்குகிற புகை உள்ளே ஏறும், வாசனை இல்லாத விஷம் அது. என் கடையில் நான் யாருக்கும் அப்படி வெட்டிக் கொடுத்ததில்லை. சொந்த மகனுக்கே முடியாது என்றுதான் சொல்லியிருந்தேன்.

"ஊரே சிரிக்குதுப்பா," என்பான் ரோமன். "சைலன்சர்காரர் பையன் வண்டி தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுதாம்."

"சிரிச்சிட்டுப் போறாங்க. நீ உசிரோட இருக்கியா, அது போதும்."

"நீங்க ஒரு தொடைநடுங்கிப்பா!"

அவன் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வராது. சாப்பாட்டு மேஜையில் எதிரே ஒருவன் உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணுகிறானே என்று சந்தோஷமாகத்தான் இருக்கும். அவன் அம்மா ஒரு ஈஸ்டர் முடிந்த கையோடு பஃபலோவில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போனாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். வருவேன் என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் ரோமனும்தான்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "நான் கலிபோர்னியா போறேம்பா," என்றான். "டெல்ஃபினோட அக்கா அங்க இருக்காங்க. கார் ஃபேக்டரில சீட்டு மாட்டி மாட்டி எனக்குப் பைத்தியம் புடிக்குது. இங்கயே இருந்தா செத்துடுவேன் போல." டெல்ஃபின் அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண்.

எப்போது வருவாய் என்று கேட்டேன். வருவேன் என்றான்.

மறுநாள் காலையில், வண்டியைக் கடையில் விட்டுப் போ, நீ கேட்ட மாதிரி வெட்டித் தருகிறேன் என்றேன். சாயங்காலம் வந்து எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தான். எதிர்க்கடை ரொட்டிக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "அப்பா, நீங்க ஆளே மாறிட்டீங்க!" என்று என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். அவனுடைய கோட்டில் என் கையிலிருந்த கரி ஒட்டிக்கொண்டது.

குழாயை வெட்டினது மட்டும் என்றால் நீங்கள் என்னை இங்கே உட்கார வைத்திருக்க மாட்டீர்கள். அந்தத் தெருவில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. நீங்கள் தேடுகிற ரப்பர் மூடிகள் என் கோட்டுப் பையில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். தரைத் தகட்டில், பின்சீட்டுக்கு அடியில் இருக்கிற துளைகளை அடைக்கிற மூடிகள். விரிப்பை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், யாரும் பார்ப்பதில்லை. அவன் ஊருக்குள் சுற்றும்போது அவை அதனதன் இடத்தில் இருக்கும். பெட்டி கட்டுகிறான் என்று தெரிந்தால் மட்டும் கழற்றுவேன். எனக்கு இருக்கிற அக்கறைக்கு அது ஒன்றே சாட்சி.

முதல் தடவை, மூன்று மணி நேர ஓட்டத்தில் இருக்கிற கலமசூ வரைக்கும் போனான். தலை பிளக்கிறது, வாந்தி நிற்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டான். நான் கணக்குப் போட்டதும் அதுதான். தலைவலி ஒரு வியாதியா? வெள்ளரி ஊறுகாய் போட்டு சூப் வைத்துக் கொடுத்தேன். குழந்தையாக இருந்தபோது குடித்த மாதிரி இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தான். அந்த வாரம் முழுக்க வீட்டிலேயே இருந்தான். எனக்கு அது நல்ல வாரம், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். அடுத்த தடவை பக்கத்து மாநிலம் இண்டியானா வரை போனான், அதற்கு மேல் முடியவில்லை. வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு என்னப்பா ஆச்சு? ஊரைத் தாண்டினா போதும், மண்டை வெடிக்குது. யாரோ கயித்தைக் கட்டி இழுக்கற மாதிரி இருக்குப்பா."

அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சில பேருக்குத் தூரம் ஒத்துக்காதுடா," என்றேன். "நம்ம குடும்பத்துக்கே அப்படித்தான்." அவன் நம்பினான். மறுபடி ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தான், சீட்டு மாட்டினான், சம்பளம் வாங்கினான். பேச்சுதான் குறைந்துவிட்டது. கிண்டலும் நின்றுவிட்டது. அது மட்டும்தான் எனக்கு வருத்தம்.

டெல்ஃபின் அப்படிச் சும்மா இருக்கிற பெண் இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள் கடைக்கு வந்தாள். வாயில் சிகரெட், காலில் அவளுடைய அண்ணனின் பூட்ஸ்.

"மிஸ்டர் பனாஸ், ரோமனுக்குத் தலைவலி அந்த வண்டில மட்டும்தான் வருது. வீட்ல வரல, வேலைல வரல. என் வண்டில சிகாகோ வரைக்கும் போனோம், கல்லு மாதிரி இருந்தான். அடியில கொஞ்சம் பாத்துடுங்களேன்."

"பாத்துட்டேம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான் பாக்காத குழாயா?"

"அவன் தனக்கு ஏதோ மூளைக் கோளாறுன்னு நெனச்சுட்டிருக்கான், மிஸ்டர் பனாஸ். ராத்தூக்கமே இல்ல. எனக்காகச் சொல்லுங்க. வண்டில ஒண்ணும் இல்லையே?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொன்னா சரிதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அந்தச் சமயம் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் கேட்கவில்லை. அதில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு.

போன திங்கள்கிழமை ரோமனும் டெல்ஃபினும் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள், ரோமனின் வண்டியில். அவளுடைய வண்டி ஓட்டை, அவ்வளவு தூரம் தாங்காது. வழிக்கு ரை ரொட்டியில் ஹாம் வைத்துக் கட்டிக் கொடுத்தேன், ஃபிளாஸ்கில் காபி ஊற்றினேன். ரோமன் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தான். "இந்தத் தடவை மண்டை வெடிச்சாலும் திரும்பறதா இல்லப்பா," என்றான். மூடிகள் அப்போது என் பையில்தான் இருந்தன. கையை உள்ளே விட்டு அவற்றைத் தொட்டுக்கொண்டேதான் நின்றேன். "ஜன்னலை ஏத்தி வச்சுக்கடா, நெஞ்சுல சளி கட்டிக்கும்," என்றேன்.

அவ்வளவு தூரம், அயோவா வரைக்கும் எப்படிப் போனார்கள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பெண் சிகரெட் பிடிக்கிற சாக்கில் தன் பக்கத்து ஜன்னலை வழி நெடுக இறக்கியே வைத்திருந்தாளாம். மதியம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. வண்டி சறுக்கி, பாதை ஓரத்துப் பனியில் புதைந்து நின்றுவிட்டது. அவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டதால், தூரத்தில் தெரிந்த பண்ணை வீட்டுக்கு அவள் மட்டும் நடந்து போனாள். சூட்டுக்காக எஞ்சினை ஓட விட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தே வை என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாளாம். "சளி கட்டும்னு அப்பா ஏத்தி வைக்கச் சொன்னார்," என்றானாம் அவன். பண்ணைக்காரரோடு அவள் திரும்பி வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்ததாம். கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்களாம். கன்னம் சிவப்பாக இருந்ததால் தூங்குகிறான் என்றே நினைத்தார்களாம். அந்தப் புகை செத்தவன் கன்னத்தையும் சிவக்க வைக்கும்.

ஆமாம், குழாயை வெட்டியது நான். மூடிகளைக் கழற்றியதும் நான். அவள் கேட்டபோது பொய் சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. நீங்கள் காட்டிய போட்டோவில் வண்டியின் முன்பக்கம் கிழக்கே பார்த்து நிற்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம். பனியில் சறுக்கி அப்படிச் சுற்றி நின்றுவிட்டது, நாங்கள் திரும்பவே இல்லை என்று அந்தப் பெண் சொல்கிறாள். பாவம், அவள் மனசு சரியில்லை. என் மகன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.