கேக்கல மாப்ள

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். எனக்குப் பகல் தூக்கம் பழக்கமில்லை. ட்ரோன் வாங்கியதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது, சார்.

நீங்கள் தமிழில் கேட்பது வசதியாக இருக்கிறது. என் தாத்தாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தவர். வீட்டிலும் சர்ச்சிலும் தவிர வேறெங்கும் தமிழ் பேச ஆள் கிடையாது. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற ஸ்டான்லி என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்த ட்ரோன் என் கைக்கு ஒருநாளும் அடங்கவில்லை. ஒழுங்காகத்தான் மேலே போகும். வீட்டுப் பக்கத்து மைதானத்தில் பாதி தாண்டியதும் திரையில் படம் உறைந்து நிற்கும். ‘தொடர்பு துண்டிக்கப்பட்டது’ என்று வரும். பிறகு அதுவாகவே திரும்பி வந்து என் முன்னால் இறங்கும். சானலை மாற்றினேன். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அமைத்தேன். சர்வீஸ் சென்டரில் இருந்த பெண் அதைத் தெருமுனை வரை பறக்கவிட்டுக் காட்டி, “இதில் ஒரு கோளாறும் இல்லை சார்” என்றாள். அப்படியென்றால் கோளாறு யாரிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கலேப் என் மனைவி பிளெசியின் தம்பி. எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. நல்ல பையன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். அவன் ரிமோட்டை வாங்கினால் மட்டும் தொடர்பு அறுவதில்லை. சர்ச் கோபுரத்தைச் சுற்றி எடுத்த படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டான். “அத்தான் ட்ரோன், ஆனா அத்தான் ஓட்டல” என்று கீழே எழுதியிருந்தான். பிளெசி சிரித்தாள். சிரித்ததில் தவறில்லை.

அந்த ஞாயிறு ஜீடிமெட்லாவுக்குப் போகலாம் என்றது அவன்தான்.

“இங்க வீட்டுக்கு வீடு வைஃபை இருக்கு அத்தான், அதான் சிக்னல அடிக்குது. அங்க சண்டே ஒரு ஆள் இருக்க மாட்டான்.”

அந்தப் பகுதியில் ட்ரோன் விட அனுமதி இல்லை என்று எனக்குத் தெரியும். வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும். போனால் போகட்டும், ஒரு தடவையாவது அறுந்துபோகாமல் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் நின்றோம். முதலில் அவன் ஓட்டினான். நன்றாகவே பறந்தது. பிறகு நான் வாங்கினேன். சுற்றுச்சுவரைத் தாண்டியதும் படம் நின்றது. பேட்டரியும் குறைந்திருந்ததால் இந்த முறை திரும்பி வரவில்லை. அங்கேயே ஒரு கொட்டகையின் கூரைமேல் இறங்கிவிட்டது.

கலேப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நக்கோ அத்தான், இது உங்களுக்கு வேண்டாம். சங்கராந்திக்குப் பட்டம் வாங்கித் தாரேன், அத விடுங்க. அதுக்கு சிக்னல் வேண்டாம்.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தேன்.

“கைக்கு அத்தான், எதுக்கு மூஞ்சத் தூக்குதீங்க? இருங்க, எடுத்துட்டு வாரேன்.”

சுவர் ஏறிக் குதித்தான். கொட்டகையில் இரும்பு ஏணி இருந்தது. நான் சுவரோரமாக நகர்ந்தபோது தொடர்பு திரும்பக் கிடைத்தது. ரிமோட்டில் மாட்டியிருந்த என் போனில் கூரை தெரிந்தது. பிறகு அவன் செருப்புகள் தெரிந்தன.

அது பழைய சிமெண்ட் ஷீட் கூரை. அதன்மேல் நடக்கிறவன் போல்ட் வரிசையில்தான் கால் வைக்க வேண்டும். கீழே இரும்புச் சட்டம் இருப்பது அங்கே மட்டும்தான். வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கலேப் இரண்டு வரிசைக்கு நடுவே வந்துகொண்டிருந்தான். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் குனிந்து ட்ரோனைக் கையில் எடுத்தான். கேமராவை முகத்துக்கு நேரே பிடித்து, இன்னும் சிரித்துக்கொண்டே, ஏதோ சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஷீட் உடைந்த சத்தம் சுவருக்கு வெளியே பெரிதாகக் கேட்கவில்லை. ட்ரோனும் அவனோடு விழுந்தது. ஆனால் கேமரா வேலை செய்தது. தரையும் அவன் தோளும் பாதி முகமும் சாய்வாகத் தெரிந்தன. கண்கள் திறந்திருந்தன. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நீங்கள் நம்ப வேண்டும் சார், அத்தனை நாளில் அந்த நேரத்தில்தான் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். என் திரையில் படத்தின்மேல் அவன் பெயர் வந்தது. எடுத்தேன். பேசினோம். பேசி முடித்ததும் ரிமோட்டை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸ் வரும். தடை செய்த இடத்தில் ட்ரோன் விட்டவன், அதுவும் பாதுகாப்பு அதிகாரி, தன் மச்சினனையே சிமெண்ட் ஷீட்டில் ஏறவிட்டான் என்று தெரிந்தால் எனக்கு வேலை இருக்காது. இது நியாயமான கவலைதான். இன்னொன்றும் உண்டு. அவன் பிழைத்து எழுந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்வான். சிரிக்கச் சிரிக்கச் சொல்வான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நினைத்தாலே எனக்குத் தலை வலித்தது.

போவன்பள்ளி அருகே நெரிசலில் நின்றபோது மறுபடி அழைத்தான். எடுத்துவிட்டேன், பழக்க தோஷம்.

“அத்தான், எங்க நிக்கீங்க? மூச்சு விட முடியல.”

“ஹலோ? ஹலோ? கேக்கல மாப்ள. சிக்னல் இல்ல.”

போனில் நான்கு கோடுகளும் இருந்தன. அவன் குரல் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகச் சொன்னான்.

“பின் பக்கம்... கேட் இருக்கு... அவங்களுக்கு... வழி சொல்லுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல அத்தான். நான் இருக்கேன்.”

நான் இன்னும் இரண்டு முறை ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளை எடுக்கவில்லை.

வீட்டில் பிளெசி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். “கலேப் எங்கங்க?” என்றாள். சிநேகிதன் ஒருவன் வந்தான், அவனோடு போய்விட்டான் என்றேன். அவன் பங்கை ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தாள். பிறகு அவனுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. “சிக்னல் இருக்காது” என்றேன். எனக்கும் டீ ஊற்றித் தந்தாள். குடித்தேன்.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் பார்த்திருக்கிறான். பக்கத்தில் ட்ரோன் கிடந்ததால் தனியாக வந்து பறக்கவிட்டு, எடுக்க ஏறி விழுந்துவிட்டான் என்றே முதலில் எழுதினீர்கள். நான் மறுக்கவில்லை. பிளெசியின் அம்மாவைத் தாங்கிப் பிடித்து நின்றதும், சவப்பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்ததும் நான்தான். இருட்டும் வரை உயிரோடு இருந்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். திடமான உடம்பு.

முதல் அழைப்பில் என்ன பேசினோம் என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. “கால் உணர்ச்சியே இல்ல அத்தான், பயமா இருக்கு” என்றான். “108-க்குச் சொல்லிட்டேன், வந்துட்டிருக்கு. நீ யாருக்கும் போன் பண்ணாத, பேட்டரி போய்டும். அசையாமப் படு” என்றேன். “ஹவ் அத்தான், சரி” என்றான். அவ்வளவுதான். நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் சார், கையில் போன் இருந்தது. பேச்சும் இருந்தது. அவனே ஒருமுறை 108-ஐ அழைத்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். அதை விட்டுவிட்டு இருட்டும் வரை எனக்கே அழைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இப்படிப் பொறுப்பில்லாமல் இருந்தவனுக்காக நான் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.