வரிசையில் விட்ட இடம்

அவையை நடத்தும் நெசவாளர் சங்கத் தலைவர் மாணிக்கவேல் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பாதிச் சேலையைத் தறியில் விட்டுவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! கூரத்திலிருந்தும் மாகறலிலிருந்தும் வண்டி கட்டி வந்த உறவுகளே! கடலோரத்திலிருந்து வந்து காஞ்சியின் மேடைக்குக் கண்ணியம் சேர்த்த ஜெயம்மாள் அம்மையாரே! வாலாஜாபாத் தேவிப்ரியாவின் வணக்கம்.

இதோ, மேடையோரம் லாரியின்மேல் ஒரு படகு நிற்கிறது. "காஞ்சிபுரத்துல எதுக்கும்மா போட்டு? கோயில் தெப்பத்துக்கா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் பாலாறு பொங்கிய அந்தப் பெருவெள்ளத்தை மறந்தவர் யார்? தறிக்குழியெல்லாம் தண்ணீர்க்குழியாக, மொட்டை மாடியில் பிள்ளையோடு நின்றவள் நான். அன்று அழைக்காமலே வந்தவர் யார்? தன் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் யார்? கடலோரத்து வேல்முருகன்! "பயப்படாதக்கா, கொயந்தைய மொதல்ல குடு" என்று கை நீட்டினார். கொடுத்தேன். அந்தக் குழந்தை இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவருக்கு ஒரு பட்டு வேட்டி போர்த்தி நன்றி சொல்லவே போன ஆண்டு கடல் விழாவுக்குப் போனோம். படகுகளின் அணிவகுப்பு! கட்டுமரம் வந்தது கம்பீரமாக. வள்ளம் வந்தது வண்ணக் கொடியோடு. தூரத்துத் துறைமுகத்து உயிர்காப்புப் படகு சங்கொலி எழுப்பி வந்தது. ஆனால் வரிசை நடுவே ஒரு படகின் அளவுக்கு வெற்றிடம்!

நம் பரசுராமன் அண்ணன் பொறுப்பாரா? அறுந்த இழையைக் கண்டால் சோற்றுக் கையோடு எழுந்து போகிற நெசவாளி ஆயிற்றே! "நடுவுல இழை வுட்டுக்கினு போவுதுபா! கிட்ட சேருங்க!" என்று கத்தினார். கரையில் நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற படகோட்டி யேசுதாஸ் மெல்லச் சொன்னார்: "அது வேல்முருகன் எடம்ணா. பொசக் காத்துல மாட்டிக்கினவங்கள தேடிப் போனான். போட்டு கவுந்துட்ச்சி. போன்ல கூப்ட்டுக்கினே இருந்தான். காப்பாத்துற போட்டு தொறமொகத்துலேர்ந்து வர்றதுக்குள்ள..."

நமக்கு அவர் வந்தார். அவருக்கு எவரும் வரவில்லை! வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு பரசுராமன் அண்ணன் மணலில் உட்கார்ந்து அழுதார். எல்லோரும்தான் அழுதோம்.

அந்த அழுகையில் பிறந்தது இந்த உயிர்காப்புப் படகு. காஞ்சியின் தறிகள் கைகோத்து வாங்கிய படகு, நாளை அணிவகுப்பில் போய் அந்தக் கரையிலேயே தங்கப்போகிறது. எங்கே நிறுத்துவது? வெற்றிடத்தைத் தொடக்கூடாது, கடைசியில் வரட்டும் என்றது சங்கம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனாலும் வேல்முருகனின் மனைவியை, இந்த ஜெயம்மாளைக் கேளாமல் முடிவெடுக்கலாமா? காலையில் கேட்டோம். படகின் விளிம்பை மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அந்த எடத்த சும்மா வுட்டு வெச்சது போதும்பா. எம் புருசன் கூப்ட்டப்போ கெளம்ப ஒரு போட்டு இல்ல. இனிமே எவன் கூப்ட்டாலும் அந்த எடத்துலேர்ந்து ஒண்ணு கெளம்பட்டும்."

பின்வரிசைத் தம்பிகளே, கைதட்ட வேண்டாம். அம்மா அழுகிறார்கள்.

பரசுராமன் அண்ணே! தலையைக் குனியாதீர்கள். நாளை கரையில் முன்னால் வந்து நில்லுங்கள். போன ஆண்டு கத்தியதையே மறுபடியும் கத்துங்கள். இந்த முறை படகு வந்து சேரும்!

பேச இடம் தந்த அவைக்கும், தன் கணவரின் இடத்தையே தந்த தாய்க்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.