செனோலோவின் கை அச்சு

நன்றாகப் படம் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. பொறுமையாக இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. எங்கள் பள்ளியில் ஐந்தாம் படிவ வகுப்பு ஓவிய மாணவிகள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். இறுதியாண்டுப் படைப்புக்கு எந்தத் தலைப்பு எடுக்கலாம், எத்தனை வரைவுகளை ஒட்ட வேண்டும், எந்தப் பசை காய்ந்தால் மஞ்சளாகும், எல்லாம் சொல்வேன். என் வகுப்புத் தோழி போயிட்டுமெலோ செய்த களிமண் பசு சரிந்தபோது, உள்ளே கம்பி வைக்கச் சொன்னது நான்தான். வேண்டுமானால் அவளைக் கேளுங்கள்.

செனோலோ இரண்டாம் பருவத்தில்தான் எங்கள் ஊர் மாஹலாப்யேவுக்கு வந்து பள்ளியில் சேர்ந்தாள். சிமெண்டு மூட்டைத் தாளில் அடுப்புக்கரியால் வரைவாள். ஓவிய ஆசிரியர் செபெகோ சார் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கை இவ்வளவு நாளா எங்கம்மா இருந்துச்சு?" என்றார். சுவரிலிருந்த என் படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் அவளுடையதை மாட்டினார். எனக்குக் கோபமில்லை. இருந்தது ஒரே ஆணிதானே.

தலைநகர் கபரோனேயில் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்கு ஒரு பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம்.

அவளாகத்தான் என்னிடம் வந்தாள். பள்ளி வாசலில் வாங்கிய, எண்ணெயில் பொரித்த மக்வின்யா உருண்டையைப் பிய்த்து, சூடான பாதியை எனக்குத் தந்தாள்.

"கோஃபி, சோளம் இடிக்கிற கை ரெண்டு செய்யணும். களிமண்ணுல விரலே சரியா வரமாட்டேங்குதுடி."

"களிமண் எதுக்கு? பிளாஸ்டர் மாவைக் குழைச்சு அதுல உன் கையையே விட்டு அச்சு எடு."

"சுடாதா?"

"வெந்நீர்ல கை வெச்ச மாதிரி இருக்கும். மாட்டுப்பட்டியில வளர்ந்தவளுக்கு இதுக்கே பயமா?"

சிரித்தாள். மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, நானே வாளியில் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்தேன். இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை விட்டாள். ஆடாமல் இருக்க வேண்டும் என்பதால் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

"கோஃபி, சுடுதுடி."

"அப்படித்தான் இருக்கும். அசைச்சா எல்லாம் வீணாப்போயிடும்."

உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். என் பேச்சை அப்படிக் கேட்டவர்கள் வேறு யாருமில்லை. பிறகு இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அவள் அலறத் தொடங்கிய பிறகு சாரைக் கூப்பிடப் போனேன். ஓடிப்போய்க் கூப்பிட்டேன் என்று அவள் அம்மா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் நடந்துதான் போனேன்.

சார் உளியால் உடைத்து எடுத்தார். எட்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

தெரியாமல் சொன்னாயா என்று கேட்கிறீர்கள். போன வருடம் நான் பிளாஸ்டர் குழைத்த வாளியில் விரலை விடப்போனபோது சார் தட்டிவிட்டார். இறுகும்போது அது கொதிக்கும், சதை வெந்துபோகும், வெளியே எடுக்கவும் முடியாது என்றார். அன்று அறையில் சாரைத் தவிர நான் மட்டும்தான் இருந்தேன். தெரிந்தேதான் சொன்னேன்.

உடைந்த துண்டுகளை யாரோ குப்பைக்கூடையில் போட்டிருந்தார்கள். பதினொரு துண்டுகள். பொறுக்கி ஒட்டி, உள்ளே பிளாஸ்டர் ஊற்றினேன். கைகள் அருமையாக வந்தன. கண்காட்சிப் படிவத்தில் என் பெயரை எழுதினேன். அவளால் கையெழுத்துப் போட முடியாதே.

சாட்சியத்துக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள். கீழே போட்டுவிடாதீர்கள். நகக்கண் ரேகைவரை அப்படியே இருக்கிறது. அவள் விரல்களைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.