மஞ்சள் பூச்சுக்கு அடியில்

ஓடுகிறேன். தோளில் தடுப்பூசிப் பெட்டி. முதல் வெடி தகரம் கிழிவதைப் போல ஒலித்தது. இரண்டாவது வேறு. காதில் கேட்கவில்லை. நெஞ்சில் இடித்தது.

"படு! மண்ணுல படு சிஸ்டர்!"

யாரோ கத்த, படுக்கிறேன். முதுகில் மணல் விழுகிறது. பிறகு சாம்பல்.

கிள்ளை ஊருக்குச் சற்று வெளியே இருந்தது அந்த நாட்டுவெடிக் கொட்டகை. அதன் பக்கத்துத் தெருவுக்குத் தடுப்பூசி போட வந்த செவிலி நான். எங்கள் ஊரில் போர் இல்லை. திருவிழாவுக்கு வெடி செய்துகொண்டிருந்தார்கள்.

புகை அடங்கியதும் எழுந்து ஓடினேன். கொட்டகை இல்லை. உள்ளே இருந்த இருவரையும் வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். வேலு. அவருடைய மைத்துனர் குமார். ஒருத்திக்கு வேலு கணவன், குமார் அண்ணன். அவள் செல்வி. கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து இருவர் மேலும் அப்பிக்கொண்டிருந்தாள்.

"பூசாதீங்க! தண்ணி மட்டும் ஊத்துங்க!"

கத்தினேன். அதற்குள் பூசி முடித்திருந்தாள்.

தீக்காயத்தின் ஆழத்தை முதலில் கண் படிக்க வேண்டும். வெறும் சிவப்பு என்றால் மேல்தோலோடு நின்றது. கொப்புளமும் ஈரமும் என்றால் அதற்கும் கீழே. வெளுத்து விறைத்திருந்தால், அல்லது கரிந்திருந்தால், முழுத்தோலும் போயிற்று. இப்போது இருவரும் ஒரே மஞ்சள். கேட்பதற்கு ஒன்றுதான் மிஞ்சியது.

"வலிக்குதா?"

குமார் என் கையைத் தட்டிவிட்டு அலறினார். வேலு சிரித்தார்.

"இன்னா மச்சான், புள்ள பெக்கற மாதிரி கத்துற? எனக்கு எரியவே இல்ல சிஸ்டர். அவன மொதல்ல ஏத்துங்க."

"பாத்தீங்களா, மஞ்சா வேல செஞ்சிடுச்சி," என்றாள் செல்வி.

வேலுவின் மார்பில் தண்ணீர் ஊற்றிப் பூச்சை விலக்கினேன். அடியில் வெளுப்பு. அழுத்தினேன். மாற்றமில்லை. பலகை போல இருந்தது. குமாரின் காலில் அழுத்திய இடம் வெளிறி, மீண்டும் சிவந்தது. அங்கே ரத்தம் ஓடியது, நரம்பும் உயிரோடு இருந்தது. அதனால் வலித்தது. வேலுவிடம் வலியை உணரும் நரம்பே எரிந்துபோயிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஒருவர் மட்டுமே படுக்கலாம். வேலுவை ஏற்றச் சொன்னேன்.

"எங்கண்ணன் துடிக்கறான், கண்ணு தெரியலயா? இவரு நல்லாத்தான பேசறாரு!"

"இவருக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி," என்றேன். அவர் காதுபட அதற்குமேல் சொல்ல முடியவில்லை. குமாரை மீன் வண்டியில் ஏற்றிப் பின்னாலேயே கொண்டுவந்தார்கள்.

சிதம்பரத்துக் கோபுரம் தெரிகிறது. வேலு இன்னும் பேசுகிறார்.

"மச்சானுக்குக் கஞ்சி குடுத்துடாத. ஆஸ்பத்திரியிலயும் பிரியாணிதான் கேப்பான்."

செல்வி சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறாள். பூச்சுப் படாத அவர் விரலொன்றைப் பிடித்திருக்கிறாள். அவர் பிழைப்பது கடினம் என்று சொன்னால் அவரும் கேட்பார். சொல்லாவிட்டால் அவள் நம்பிக்கொண்டே வருவாள். எது குறைந்த கொடுமை? சலைன் பாட்டிலிலிருந்து சொட்டும் துளிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். படித்த படிப்பு எனக்கு முன்கூட்டியே தெரிவித்தது. அவ்வளவுதான் செய்தது.

இப்போது குமார் தழும்புகளோடு நடக்கிறார்.

இழந்தவை. கொட்டகை ஒன்று. உயிர் ஒன்று, வேலு, மூன்றாம் நாள், விடிவதற்கு முன். பிறகு, கிள்ளையிலிருந்து சிதம்பரம் வரையிலான சாலை. கணவன் பிழைத்துவிட்டான் என்று செல்வி மகிழ்ந்திருந்த தூரம் அது. அதையும் இழப்பில்தான் சேர்க்கிறேன்.