யுன்சல் எழுதின குறைகள்

இல்லம்மா, நான் பண்றது நெசமான வீடு இல்ல. வீடியோ கேமுக்குள்ள வர்ற வீடு. இருபத்திரண்டு வருசமா அதான் என் வேலை. அந்தப் பெட்டிய இப்படிக் குடுங்க, நான் தூக்கிக்கிறேன். வீட்டுக்காரம்மா நீங்க மாடியேறி வந்து கூட நிக்கிறதே பெருசு.

வரையறதோட முடியாதும்மா. விளையாடறவன் அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா சும்மா நிப்பானா? ஃப்ரிட்ஜத் திறப்பான், ஸ்விட்சத் தட்டுவான், ஜாடியத் தள்ளி விடுவான். ஜாடி உடையணும். உடையலன்னா, அட இது வெறும் அட்டை வீடுடான்னு போயிருவான். அதெல்லாம் நடக்க வைக்கிற ஆளு நான்.

எம்பொண்ணு யுன்சலுக்கு அப்ப ஏழு வயசிருக்கும். என் மடியில உக்காந்துக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள சோத்துப் பானை மூடியத் திறந்தா. ஏம்ப்பா ஆவி வரலன்னு கேட்டா பாருங்க. என் டீம்ல ஒருத்தனுக்கும் தோணல அது. மறுநாளே ஆவி வர வச்சேன்.

ஆமா, படிச்சு முடிச்சு எங்க கம்பெனியிலயேதான் சேந்தா. சம்பளமே விளையாடிப் பாத்துக் குறை கண்டுபிடிக்கத்தான். சிரிப்பா இருக்குல்ல? அவளும் அப்படித்தான் சிரிப்பா.

அப்புறம் என்ன, நான் ஒரு வீடு பண்ணினேன். மூணு வருச வேலை. மீட்டிங்ல எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க. இவ எந்திரிச்சு, பாக்க நல்லாருக்கு, ஆனா கை வச்சா ஒண்ணுமே அசையலங்கறா. நூத்திப் பதினாலு குறை, வரிசையா எழுதிக் கொண்டாந்து வாசிக்கிறா. இழுப்பறை திறக்கல, சன்னல் திறந்தா மழைச் சத்தம் கூடல, இப்படி. சின்னப் பசங்க முன்னாடிம்மா. எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. நேத்து வந்தவ நீ, எனக்குச் சொல்லித் தர்றியா, வெளிய போடின்னுட்டேன். போயிட்டா. வேலையவும் விட்டுட்டா. அஞ்சு மாசம் பேச்சில்ல. சூசொக் பண்டிகைக்குக்கூட வீட்டுக்கு வரல.

அவ எழுதினது அத்தனையும் சரிம்மா. கோவம் அடங்கினப்புறம் ஒவ்வொண்ணாச் சரி பண்ணினேன். ஒரு வெள்ளிக்கிழம கடைசிக் குறையும் முடிஞ்சுச்சு. அவகிட்டச் சொல்லலாம்னுதான் மறுநாள் இங்க வந்தேன்.

எந்தப் பை? கதவுல தொங்கினதா? திங்கக்கிழம அதப் பாத்துத்தான் சந்தேகப்பட்டுப் போலீசக் கூப்பிட்டீங்களா. ம். அது நான் மாட்டினதுதாம்மா. அவங்கம்மா செஞ்சு குடுத்தனுப்பின முள்ளங்கிக் கிம்சி, நெத்திலி வறுவல்.

ஆமா, சனிக்கிழமதான். மூணேகால் மணி.

மணியடிச்சேன். தட்டினேன். யுன்சல், அப்பா வந்திருக்கேன்னேன். உள்ள குழாயில தண்ணி ஓடற சத்தம் கேட்டுச்சு. வீட்லதான் இருக்கா, வேணும்னே திறக்க மாட்டேங்கறான்னு நெனச்சேன். அவளுக்குச் சின்ன வயசுலேந்து வலிப்பு உண்டு, தெரியும். தெரிஞ்சும் அந்த நேரம் மனசுல அது வரல. என் கோவந்தான் வந்துச்சு.

வாசப் பூட்டத் திறக்கற நம்பரா? இருந்துச்சும்மா, என் போன்லயே இருந்துச்சு. சண்டைக்கெல்லாம் முன்ன, இங்க குடி வந்த அன்னிக்கே அனுப்பியிருந்தா, அப்பா எப்ப வேணும்னாலும் வாங்கன்னு. நான்தான், அவளே வந்து திறக்கட்டும்னு பத்து நிமிசம் நின்னேன். அப்புறம் பைய மாட்டிட்டு இறங்கிட்டேன்.

நான் தட்டினப்பவே வலிப்பு வந்து உள்ள விழுந்து கெடந்திருக்கா. சாயங்காலம் வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு.

அவங்கம்மா கீழ வண்டியில இருக்கா. படியேற முடியலங்கறா. இதோட ரெண்டு பெட்டிதான், முடிஞ்சுது. நீங்க எனக்காக ஒண்ணு பண்ணணும்மா. நான் வந்தப்ப வீட்ல ஆளே இல்ல, ஒரு சத்தமும் இல்லன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன். ஏதாவது கேட்டா, நீங்களும் அப்படியே சொல்லிருங்க.