நார்மன் டின்ஸ்டேலின் லீக்ஸ் பாத்திக்குள் இயந்திரம் புகுந்த விவரம்

என் பெயர் நோரீன் ஸ்டொபார்ட். வயது அறுபத்தெட்டு. காலஞ்சென்ற சுரங்கத் தொழிலாளி வில்ஃப் ஸ்டொபார்ட்டின் மனைவி. ஷீல்ரிக் ஊரில் மூன்றாம் வரிசையில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். சுரங்கம் மூடும்வரை அதன் கேன்டீனில் வேலை பார்த்தேன், இப்போது லீக்ஸ் என்ற தண்டு வெங்காயம் வளர்க்கிறேன். காவல் நிலையத்துக்கு வரச்சொன்னதன்பேரில், யாரும் மிரட்டாமலும், ஒரு வாய் தேநீர்கூடக் கொடுக்காமலும், நானாகச் சொல்வதாவது:

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு வரும்போது, இடிக்கும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிவந்த ஒருவர் என்னருகே நிறுத்தினார். தெற்கத்திப் பேச்சு. பெயர் கெல்வின் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏம்மா, சுரங்கத்து ஆளுங்க குளிச்ச கட்டடம் எங்க இருக்கு? இடிக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"நேரா போ தம்பி. எம்பயர் கொட்டகை தாண்டி இடது பக்கம் திரும்பு. விளக்கு அறைக்கு எதிர்ல கேன்டீன். கேன்டீன் கேட்டுல நுழைஞ்சு நேரா போனா முட்டிக்கிட்டு நிக்கும்."

எம்பயர் சினிமாக் கொட்டகை என் கல்யாணத்துக்கு மறு வருஷம் எரிந்துபோனது. சுரங்க விளக்குகள் வைத்திருந்த அறையைச் செங்கல் செங்கலாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். கேன்டீனும் இல்லை. இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை, எதெது போய்விட்டது என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அதன்பிறகு கெல்வின் கறிக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் கரிமேட்டைச் சுற்றிப் போகச் சொல்லியிருக்கிறார். சுரங்கக் கழிவு குவிந்திருந்த அந்தக் கரிமேட்டைச் சமன்படுத்திப் புல் போட்டு, இப்போது அதில் ஆடு மேய்கிறது. அதன்பிறகு பாதிரியாரிடம் கேட்டதில் அவர் எம்பயர் கொட்டகைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகு கெல்வின் ஒருவருக்குப் போன் செய்து வழி கேட்டு, லாரியிலிருந்து இயந்திரத்தை இறக்கி, தபால் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள பச்சை இரும்புக் கேட்டில் நுழைந்துவிட்டார். அது அந்தக் காலத்துக் கேன்டீன் கேட்டுதான். கேன்டீன் இருந்த நிலம் இப்போது தோட்டப் பாத்திகள். கேட்டை ஒட்டிய முதல் பாத்தி கவுன்சிலர் நார்மன் டின்ஸ்டேலுடையது. நாங்கள் வருஷக்கணக்கில் கழுநீர் கொட்டிய பின்வாசல் அது, அவருடைய லீக்ஸ் தொடை தொடையாக விளைவதற்கு வேறு காரணம் கிடையாது.

சத்தம் கேட்டு நான் போனபோது பாத்தி துவையலாகிக் கிடந்தது. நார்மன் பைஜாமாவுடன் நடுவில் நின்றார்.

"சனிக்கிழமை லீக்ஸ் கோப்பைக்காகத்தான நோரீன் இவன அனுப்பின?"

"கோப்பைக்காகன்னா எல்லாரையும் போல ராத்திரி கத்தியோட வந்து லீக்ஸ அறுத்திருப்பேன் நார்மன். இம்மாம் பெரிய மெஷின் எதுக்கு எனக்கு?"

அவர் உடனே புகார் கொடுத்துவிட்டார். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று ஆகிவிட்டால் சனிக்கிழமை லீக்ஸ் போட்டியில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். என்னுடையவை வில்ஃப் எடுத்துவைத்த விதையின் வழி வந்தவை. வருஷாவருஷம் நார்மனுக்கு அடுத்து இரண்டாவதாக வருகிறேன். அந்த ஆளை மேடையில் வைத்துத் தோற்கடிக்க வேண்டும் என்பதே என் ஆசை. துவையலை ஜெயித்து எனக்கு என்ன பெருமை?

அங்கேயே கெல்வினிடம், கடைசியாக யாரிடம் வழி கேட்டாய் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். காவல் நிலையத்துக்குப் போன் செய்ததாகவும், ஒரு இளம் காவலர் "தபால் பெட்டி பக்கத்துல பச்சை கேட்டு, அதான் கேன்டீன். கண்ண மூடிட்டு உள்ள போங்க" என்று சொன்னதாகவும் கூறினார்.

இதைச் சொன்னதும், இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கும் காவலர் கேலம் ஹெட்லி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அத்தை, இதையும் எழுதணுமா?"

"எழுது கண்ணு. நிறுத்தி அழகா எழுது."

எழுதினார். அதன்பிறகு எனக்குத் தேநீரும் வந்தது.

மேலே கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் கலக்கவில்லை. கீழே இடம் என்ற வரியைக் காவலர் தாமாகவே நிரப்பினார். அதில் எழுதியிருக்கும் கடையை அவர் பிறக்கும் முன்பே இடித்தாகிவிட்டது.

இடம்: காவல் நிலையம், கூட்டுறவுக் கடைக்கு எதிரில்.

(ஒப்பம்) நோரீன் ஸ்டொபார்ட்