ஆளுக்கொரு பொட்டி

இல்லம்மா, பைய மேல வைக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆமாமா, கப்பல் அட்டைதான் அது, கைப்பிடியில தொங்குறது. பிச்சுப் போட மறந்துட்டேன். முப்பத்தஞ்சு நாளு. நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, சுத்திட்டுத் திரும்பவும் கீல் துறைமுகத்துக்கே.

அப்படியா, உங்க அம்மா அப்பாவும் போறாங்களா? ஜூலைலயா. பொட்டி எப்படி அடுக்கறதுன்னா? யாருகிட்ட வந்து கேக்குறீங்க பாருங்க. எனக்கு அந்தப் பேச்ச எடுத்தாலே வயித்தப் பெரட்டுதும்மா. வெளையாட்டுக்குச் சொல்லல, நெசமாவே பெரட்டுது. ஜனவரியிலேர்ந்து எங்க வீட்டுல வேற பேச்சே கெடையாது. காலைல எழுந்தா பொட்டி, சாப்பிடறப்ப பொட்டி, படுக்கறப்ப பொட்டி.

எங்க வீட்டுக்காரரு டெட்லெஃப் இருக்காரே, முப்பத்தெட்டு வருஷம் நிலம் அளக்குற வேல பாத்தவரு. ரிட்டயர் ஆயிட்டாரு, அளக்க நிலமில்ல. அதனால எங்கள அளக்க ஆரம்பிச்சாரு. கொக்கி வச்ச சின்னத் தராசு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. நான் சமையக்கட்டுல ஒக்காந்து காப்பி குடிக்கிறேன், எதுத்தாப்புல நின்னு என் ஜட்டிய அதுல மாட்டித் தூக்கிப் பாத்து, நாப்பது கிராம்னு எழுதிக்கிறாரு. அதுக்கப்புறம் அந்தக் காப்பி உள்ள எறங்குமா? எனக்கு அறுபத்திரெண்டு வயசு. பிரசவ ஆஸ்பத்திரியில வேல பாத்தவ, எதுக்கும் மொகம் சுளிக்காதவ. எனக்கே குமட்டிருச்சு.

பல்லு தேய்க்கிற பிரஷ்ஷோட காம்ப ரம்பத்தால அறுத்தாரு. பாதிப் பிரஷ். எத்தன கிராம் மிச்சம்னு கேட்டேன், ஆறுன்னாரு. பொஸ்தகத்துல நான் படிச்சு முடிச்ச பக்கத்தக் கிழிச்சிட்டாரு, அதுவும் பாரமாம். அப்புறம் இந்தக் காத்து உறிஞ்சுற பை. பாத்திருக்கீங்களா? துணிய உள்ள போட்டு, வீடு பெருக்குற மிஷின அதோட வாயில வச்சு உறிஞ்சுனா, கம்பளிச் சட்டையெல்லாம் சுருங்கி ஒட்டிக் கருவாடு மாதிரி ஆயிடும். பையப் பிரிச்சா வரும் பாருங்க ஒரு வாட, ஊசிப்போன சூப்பு மாதிரி. உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க, அத மட்டும் வாங்க வேணாம்னு.

நிறம் மூணே மூணுதான். கருநீலம், வெள்ள, சாம்பல். ஏன்னா எது கூட எதப் போட்டாலும் சேருமாம். எங்கிட்ட ஒரு கடுகு மஞ்சள் ஸ்வெட்டர் இருக்கு, நானே பின்னுனது. எதோடயும் சேராதுன்னு எடுத்து அலமாரியில வச்சுட்டாரு. கண்ணாடியில பாத்தேன், எழவு வீட்டுக்கு வந்த பேங்க் கிளார்க் மாதிரி இருந்தேன்.

அது கூடப் பரவால்ல. மார்ச் மாசம் ஒத்திக பாத்தாரும்மா. ஒரு வாரம் வீட்டுல இருந்துக்கிட்டே பொட்டியிலேர்ந்து மட்டுந்தான் துணி எடுத்துப் போடணும். கை கழுவுற தொட்டியில ஷாம்பு ஊத்தித் தொவைக்கணும். ஈரத் துணியத் துண்டுல வச்சு உருட்டி, தரையில போட்டு மேல ஏறி மிதிக்கணும், தண்ணி வடியறதுக்கு. கப்பல்ல அறையோட சொவரு இரும்பாம், அதனால காந்தக் கொக்கி வாங்கியிருந்தாரு. ஒத்திகைக்கு அத எங்க ஒட்டுனாருன்னு கேளுங்க. பிரிட்ஜுல. நான் வெண்ணெய் எடுக்கப் போனா மூஞ்சியில ஈர சாக்ஸு உரசுது.

ரயிலு ஏன் நின்னுருச்சு? சிக்னலா. நல்லது, இவங்களுக்கு எப்பதான் நேரத்துக்குப் போகத் தெரியும். இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு நொய்முன்ஸ்டருக்கு, பத்து நிமிஷமா? சரி.

எங்க விட்டேன்? ஆங், சுருட்டுறது. மடிக்கக் கூடாது, சுருட்டணும். அதுதான் எல்லாத்துக்கும் மேலான சட்டம். ஆனா பாருங்க, இத்தன சட்டம் போட்ட மனுஷனுக்குச் சுருட்ட வரல. தடிமனான வெரலு, பொறும கெடையாது. சுருட்டுவாரு, அது அவுந்து விழும். எனக்கும் வரல, எனக்கு மனசே இல்ல. யாரு சுருட்டுனான்னா, தீஸ் சுருட்டுனான்.

தீஸ் என் தம்பி. எங்க கூடத்தான் இருக்கான், எங்க அம்மா போனதுலேர்ந்து, பத்தொம்பது வருஷமா. நாப்பத்தொம்பது வயசு. பொறவியிலயே டவுன் சிண்ட்ரோம். அவன மாதிரி உள்ளவங்களுக்குன்னு ஒரு பட்டற இருக்குல்ல, எங்க ஊர்ப்பக்கம், க்ளுக்ஸ்டாட்ல, அங்க வேலைக்குப் போறான். ஸ்க்ரூ பொட்டலம் போடுற வேல. ஒரு பைக்கு இருபது. இருபது வருஷத்துல ஒரு பை கூடத் திரும்பி வந்ததில்ல. அவன் கை அப்படி. டெட்லெஃப் ஒரு தடவ செஞ்சு காட்டுனாரு, அவ்ளோதான், அடுத்த நாளே சட்டையெல்லாம் சுருட்டு மாதிரி வரிசையா நிக்குது. சின்னச் சின்னதா பேப்பர் டேப் ஒட்டி, எத்தனாவது வாரம்னு நம்பர் வேற எழுதியிருக்கான். டெட்லெஃப் மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு, தீஸ், நீதாண்டா இதுக்குத் தலைவருன்னாரு. அன்னையிலேர்ந்து வேலையிலேர்ந்து வந்தா கை கழுவிட்டு நேரா சுருட்டத்தான் ஒக்காருவான். மூணு மாசம். பிரிப்பான், மறுபடி சுருட்டுவான், இன்னும் ஒரு வெரக்கட எடம் மிச்சம்னு காட்டுவான்.

அப்புறம் டெட்லெஃப் இன்னொரு சட்டம் போட்டாரு. அத நான் குத்தம் சொல்ல மாட்டேன், அது புத்திசாலித்தனந்தான், உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க. ஒருத்தர் துணிய ஒரே பொட்டியில வைக்கக் கூடாது. எல்லாப் பொட்டியிலயும் எல்லாருதும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கணும். ஒரு பொட்டி தொலைஞ்சு போனாலும் யாரும் அம்மணமா நிக்க வேணாம் பாருங்க. அத அவரு ஒரு தடவதான் சொன்னாரு. தீஸுக்கு ஒரு தடவ சொன்னாப் போதும்.

இன்னிக்குப் பன்னண்டு மணிக்குக் கீல்ல ஏறிட்டோம். பொட்டிய வாசல்லயே வாங்கிக்கிறாங்க, அப்புறமா அறை வாசல்ல கொண்டாந்து வச்சுடுறாங்க. அதுவரைக்கும் சாப்பிடுங்கன்னு மேல அனுப்புனாங்க. சீ, அந்தக் கூட்டத்த நீங்க பாக்கணும். கப்பல் இன்னும் கட்டுன எடத்துலேர்ந்து நகரல, அதுக்குள்ள தட்டுல இறாலக் குவிச்சு, அதுக்கு மேல கேக்கையும் வச்சுத் தூக்கிட்டுப் போறாங்க. ஒருத்தரு பின்னாடி ஒருத்தரு. நானும் ஒரு தட்டோட நின்னேன், அதத்தான் சொல்ல வரேன், நானும்தான் நின்னேன்.

மூணு மணிக்கு அறைக்கு வந்தோம். பொட்டி வந்திருந்துச்சு. டெட்லெஃப் ஷூவக் கழட்டிட்டுக் கட்டில்ல சாஞ்சாரு. நான் என் பொட்டியத் தெறந்தேன். மேல் வரிசையில என் சட்டைங்க, வாரம் ஒண்ணு, வாரம் ரெண்டு. அதுக்குக் கீழ டெட்லெஃப் கால்சட்ட. அதுக்கும் கீழ மூணாவது வரிசையில தீஸோட நீச்சல் டிராயரு. செவப்புக் கலரு. அவனோட வெள்ளச் சட்ட ரெண்டு, சாப்பாட்டு மேசைக்குப் போட்டுக்கறதுன்னு அவன் பத்திரமா வச்சிருந்தது. டெட்லெஃபோட பொட்டியத் தெறந்து பாத்தா அதுலயும் அவனுது இருக்கு. ஒவ்வொண்ணுலயும் சரியா மூணுல ஒரு பங்கு.

இல்லம்மா. அவங்கிட்ட எப்படிக் குடுக்கறது. அவன் கப்பல்ல இல்ல.

அவன் நொய்முன்ஸ்டர்ல இருக்கான். ஒரு விடுதி இருக்கு அங்க, வீட்டுல உள்ளவங்க வெளியூரு போனா இந்த மாதிரி ஆளுங்களக் கொஞ்ச நாளு வச்சுப் பாத்துப்பாங்க. சுத்தமா இருக்கும், நல்லவங்கதான். காலைல வழியில எறக்கி விட்டுட்டு வந்தோம்.

டெட்லெஃபத் தப்பா நெனைக்காதீங்க. இவ்ளோ நேரம் அவரத்தான் திட்டுனேன், ஆனா நல்ல மனுஷன். பத்தொம்பது வருஷமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தீஸுக்கு ஷேவ் பண்ணி விடறது அவருதான். ஒரு நாளு மொகம் கோணுனதில்ல. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு, ஒரே ஒரு தடவ நாம ரெண்டு பேரு மட்டும் போவோம்னு கேட்டாரு. கேக்கக் கூடாததா அது? ரெண்டு பேருக்குத்தான் சீட்டு. ஒந் தம்பி, நீயே அவங்கிட்டச் சொல்லிடுன்னாரு. சொல்றேன்னேன்.

அவன் முத நாளே இந்தப் பயணம் தனக்குந்தான்னு நெனச்சுட்டான். கேக்கவே இல்ல. அவனோட சின்னப் பொட்டியக் கொண்டாந்து எங்க பொட்டி பக்கத்துல வச்சான். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அடுத்த நாளு சுருட்டிட்டிருந்தான், எப்படிச் சொல்றது. அப்புறம் ஞாயித்துக்கெழமன்னு நெனச்சேன். டெட்லெஃப் கேட்டாரு, சொல்லிட்டியான்னு. சொல்லிட்டேன், புரிஞ்சுக்கிட்டான், பொட்டி அந்த விடுதிக்குன்னு தெரியும்னேன். விடுதியிலேர்ந்து அந்தப் பொண்ணு வீப்கெ போன் பண்ணா, முன்னாடியே கூட்டியாந்து அறையக் காட்டுங்க, உண்மையச் சொல்லுங்க, ரெண்டு நாளு அழுவாங்க, அப்புறம் சரியாயிடுவாங்கன்னா. சொல்லியாச்சும்மான்னு அவகிட்டயும் சொன்னேன். மூணு மாசம் இப்படியே போச்சு. அந்த ஈர சாக்ஸெல்லாம் ஒரு குமட்டலா? எனக்குக் குமட்டுனது என்னன்னு இப்பத்தான் தெரியுது.

கட்டில்ல கெடந்தவரு அந்த நீச்சல் டிராயரப் பாத்து எழுந்து ஒக்காந்தாரு. அப்புறம், நீ அவங்கிட்டச் சொல்லவே இல்லையான்னு கேட்டாரு. அப்புறம் அவரே, நார்வேல பெர்கன்ல கப்பல் நிக்கும், அங்கேர்ந்து தபால்ல அனுப்பிடலாம்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. எனக்கு அவரப் பாக்கவும் முடியல, கண்ணாடியப் பாக்கவும் முடியல. ரெண்டு பொட்டியிலேர்ந்தும் தீஸோடத மட்டும் எடுத்து இந்தப் பையில போட்டேன். ஆமா, இதுதான். கப்பல்லேர்ந்து எறங்குற எடத்துல பயணி அட்டையக் காட்டுனா ஒருத்தரு, அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க, ஆறுக்குக் கெளம்புதுன்னாரு. சரின்னேன்.

இப்ப என்ன மணி, அஞ்சே காலா. டெட்லெஃப் நாலு தடவ கூப்பிட்டுட்டாரு. எடுக்கல. அவரு எறங்குவாரா, போவாரா, தெரியல. போனாலும் நான் கோவப்பட மாட்டேன்.

நகருது, அப்பாடா.

கீல் ஸ்டேஷன்ல நின்னு விடுதிக்குப் போன் போட்டேன். வீப்கெ அவங்கிட்டக் குடுத்தா. அவந்தான் பேசுனான். அக்கா, நல்லபடியா ஏறிட்டீங்களான்னான். இங்க எல்லாம் நல்லாருக்கு, மத்தியானம் பட்டாணி சூப்பு குடுத்தாங்கன்னான். ஒன் நீலச் சட்ட எம் பொட்டியில இருந்துச்சு, கசங்காம மாட்டி வச்சிருக்கேன்னான். அப்புறம், அக்கா, ஜன்னல்ல தண்ணி தெரியல, காரு நிறுத்துற எடந்தான் தெரியுது, வேற பக்கத்து அறை குடுத்துட்டாங்க போல, பரவால்லன்னான்.

அதான், நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்க. பாவம், அந்த விடுதியையே கப்பல்னு நம்பிட்டான்னு. நானும் போன வைக்கிற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்.

அம்மா, நாங்க எல்பெ ஆத்தங்கரையில பொறந்து வளந்தவங்க. நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவன் சாயங்காலமானா கரை மேட்டுல போய் நிப்பான். ஆத்துல போற கப்பலோட புகைக்குழாய் நிறத்தப் பாத்தே எந்தக் கம்பெனி, எங்க போகுதுன்னு சொல்லுவான். மூடுபனியில கண்ணு தெரியாதப்ப ஊதுற சத்தத்த வச்சே சொல்லுவான். இந்த விடுதிக்கு முன்னாடி ஒரு பஸ் ஸ்டாப்பு, எதுத்தாப்புல டயர் கட. காலைல டெட்லெஃப் கார்லயே இருந்தாரு. நாங்க ரெண்டு பேருந்தான் எறங்குனோம். அவன் டயர் கடையப் பாத்தான், கட்டடத்தப் பாத்தான், அப்புறம் எம் மொகத்தப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்ப அவனேதான், அக்கா, பொட்டிய இங்கதான குடுக்கணும்னு கேட்டான். ஆமான்னேன். எவ்ளோ நிம்மதியா ஆமான்னேன் தெரியுமா.

தெரிஞ்சேதாம்மா கேட்டிருக்கான்.

இந்த ஸ்டேஷன்தான? கொஞ்சம் கால எடுத்துக்குங்க, நான் எறங்கணும்.